தங்கூசியார் கட்டின திரைச்சீலை

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஆணியை நம்பாத மனிசர் ஒருவர்தான். தங்கூசியார். தூண்டில் போடும் நைலோன் நூலை எங்கள் பக்கம் தங்கூசி என்போம். அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, சைக்கிள் பிரேக் எல்லாம் அதில்தான் நின்றன. ஆடின பல் ஒன்றையும் பக்கத்துப் பல்லோடு கட்டி வைத்திருந்தார்.

நான் கரடியனாற்றுக்காரன், சுவர் கட்டுற மேசன். கலியாணம் முடித்து ஆரையம்பதிக்கு, மனிசி வீட்டுக்கு வந்தேன். எங்கள் அறைக்கு நிலை இருந்தது. கதவு இன்னும் தச்சனிடம். வீடு நிறையச் சனம். ஒரு திரைச்சீலை தொங்கினால்தான் புது மாப்பிள்ளைக்கு மானம்.

"ஆரையும் கூப்பிடுவமா, மருமகன்?" என்று மாமி கேட்டா.

"மேசன் வீட்டில நிக்கக்குள்ள வேற ஆளா, மாமி?"

ஆணி அடித்தேன். பூச்சு பாளமாக விழுந்தது. கலியாணத்துக்கு முந்தி நானே பூசின பூச்சு.

போனில் பார்த்து, ஒட்டுற கொளுக்கி வாங்கி ஒட்டினேன். நான் இடுப்புச் சாரம் மாற்றும்போது அது சீலையோடு கழன்றது. முன்னால் மாமி, தேத்தண்ணியோடு. தேத்தண்ணி திரும்பிப் போனது.

மாமிதான் பக்கத்து வீட்டுத் தங்கூசியாரைக் கூப்பிட்டா. வந்தவர் சுவரைத் தடவினார்.

"ஏன் மனே குத்துறாய்? சுவருக்கு நோகும்."

நிலைக்கு மேலே காற்றுக்கு விட்ட ஓட்டைகளில் தங்கூசியை நுழைத்து இரண்டு வளையம் போட்டார். வளையத்துக்குள் ஒரு பைப் துண்டு. அதில் திரைச்சீலை. அந்த ஓட்டைகளும் நான் விட்டதுதான். என் கண்ணில் படவில்லை.

பின்னேரம் கச்சான் காற்று அடித்தது. திரைச்சீலை கூரையைப் பார்த்தது. மாமி முற்றத்தைப் பார்த்தா.

"பொறு, வாறன்" என்று போன தங்கூசியார், ஒரு கை நிறைய ஈயமணியோடு வந்தார். திரைச்சீலையின் அடியில் வரிசையாகத் தைத்தார். அதோடு அது அசையவில்லை. ஆனால் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் தரையில் கடகட என்றது.

"மருமகன் உள்ள போறார்" என்பா மாமி, குசினி அடுப்படியில் இருந்து. மனிசி என்னைக் கிள்ளுவாள்.

அடுத்த நாள் வாவிக்கரைக்குப் போனேன். தங்கூசியார் வலை வீசிக்கொண்டு நின்றார். வலையில் ஒரு பக்கம் தாழ்ந்தது. மற்றப் பக்கம் சீலை மாதிரி மிதந்தது. மீன் எல்லாம் அந்தப் பக்கத்தால் போனது.

"ஈயம் எங்க அண்ணே?"

"உன்ட மானத்தில கிடக்கு."

புது ஈயம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கி வலையில் கோத்தார்.

இப்போது அவர் கல்குடாவில், மகள் வீட்டில். கதவு வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து நிற்கிறது. நிலையில் இன்னும் ஈயமணித் திரைச்சீலைதான். கதவை நிலையில் பூட்டித் தரத் தச்சன் இரண்டு தரம் வந்தான்.

பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன்.