ராகு காலத்தில் ஒரு பல்கலைக்கழகம்

பட்டம் வாங்கியவர்களுக்குப் புத்தி இருக்கும் என்று நம்புகிறவர்கள், அந்தச் செவ்வாய்க்கிழமை என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

மலாக்காவில் போர்த்துகீசியர் கோட்டை கட்டுவதற்கு முன்பே தொடங்கிய பெரிய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில், வரலாற்று மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனைதான். இணையவழி அறிமுகக் கூட்டத்தில் முகம் காட்ட வேண்டும். வராதவர் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவர்களுக்குக் காலை பத்து மணி என்றால், மலாக்காவின் பத்து பெரண்டாம் ஊரில் இருக்கும் எங்களுக்கு மாலை நான்கு.

அம்மா சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். "மூணுலேருந்து நாலரை ராகு காலம்லா. நல்ல காரியத்த அதுலயா ஆரம்பிப்பாங்க?"

"அங்க அப்ப காலைலம்மா."

"நீ எங்க உக்காந்திருக்க?"

(நானும் எழுந்துபோய் நாட்காட்டியைப் பார்த்தேன்.)

வழியையும் அம்மாவே சொன்னார். மூன்றுக்கு முன்பே உள்ளே நுழைந்துவிட்டால், காரியம் நல்ல நேரத்தில் ஆரம்பித்ததாக ஆகிவிடுமாம். திருநீறு பூசி, இரண்டு ஐம்பதுக்கே என்னை லேப்டாப் முன் உட்கார வைத்தார். அப்போது திறந்திருந்தது ஒரே ஒரு துறையின் கூட்டம்தான். கால்நடை மருத்துவம்.

"எல்லாம் ஒரே யுனிவர்சிட்டிதானலா, போ" என்றார். போனேன்.

மொத்தமே எட்டுப் பேர். ஒளிய இடமில்லை. மீசைக்காரப் பேராசிரியர் ஒருவர், எந்தப் பிராணியோடு பழகியிருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். கூட்டம் மாறி வந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? நியாலாஸ் கிராமத்தில் மாமா வளர்க்கும் ஆடுகளைப் பற்றி நான்கு நிமிடம் பேசினேன். வயிறு உப்பினால் மாமா என்ன கொடுப்பார் என்பதுவரை சொன்னேன். மனிதர் மகிழ்ந்துபோய் மேலும் மூன்று கேள்வி கேட்டார்.

மணி நான்கானது. என் துறைக் கூட்டம் வேறு இணைப்பில் தொடங்கியது. மாறுவதற்கு விரலைக் கொண்டுபோனேன்.

"வெளியாகாத. இப்ப வெளியாயி இன்னொண்ணுல நுழைஞ்சா, அது ராகு காலத்துல ஆரம்பிச்ச மாதிரிதான். நாலரை ஆகட்டும்."

"இடம் போயிடும்மா."

"அரை மணி நேரத்துல எங்கயும் ஓடிடாதுலா."

எனக்கு இருபத்து மூன்று வயது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம் இருந்தது. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருவது அதற்குத்தான். ஆட்டுக் குளம்பில் வரும் நோய்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நாலு முப்பத்தொன்றுக்கு என் துறைக் கூட்டத்துக்குள் போனபோது, எல்லோரும் கையசைத்து விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. இடம் போய்விட்டது. அழுதேன்.

"பாத்தியா, ராகு காலத்துல கூட்டம் வச்சா இப்படித்தான்" என்றார் அம்மா, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இப்போதும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், முன்பின் தெரியாத அத்தைகளிடம் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போகிறார். "எம்பொண்ணு. யூரோப்ல பெரிய யுனிவர்சிட்டில படிச்சவ."

"அப்படியா, எத்தன வருஷம்?"

நான் வாயைத் திறப்பதற்குள், இலையிலிருந்து தலை நிமிராமல் அப்பா சொல்லிவிடுவார்: "ஒன்னே முக்கா மணி நேரம்."