உயர்மட்டக் குழுவும் ஒரு வேகத்தடையும்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளுக்குப் பிறகு, சக்கரம் சம்பந்தமாக நடந்த மிக முக்கியமான நிகழ்ச்சி, பல் துலக்கும் பிரஷ் செய்யும் ஒரு தொழிற்சாலையின் முதல் மாடியில் நடந்தது. சேர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறார். வெளிநாட்டுக் காரா, உள்நாட்டுக் காரா? இந்த மாபெரும் கேள்விக்கு விடை காண "வாகனத் தேர்வு உயர்மட்டக் குழு" அமைக்கப்பட்டிருந்தது. சேர்மனின் மச்சான் ஓர் உறுப்பினர். மாப்பிள்ளை இன்னோர் உறுப்பினர். மூன்று மாதத்தில் பத்துக் கூட்டங்கள் நடந்து முடிந்திருந்தன. அதில் ஒன்று முழுக்க, காருக்குப் போர்த்தும் உறையின் நிறத்துக்கே சரியாகப் போய்விட்டது.

பதினோராவது கூட்டத்துக்குக் கம்பெனி வேன் டிரைவரும் அழைக்கப்பட்டார். அழைப்பில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "தொழில்நுட்ப வல்லுநர்" என்று இருந்தது. தினமும் காலையில் பேக்கிங் பிரிவுப் பெண்கள் இருபத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வருவதுதான் அவர் வேலை. செகண்ட் கியரைத் தாண்ட மாட்டார் என்பதால் அந்தப் பெண்கள் அவருக்கு "செகண்ட் கியர்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். தாண்டாததற்குக் காரணம், நாலாக மடித்த தாளாக அவர் சட்டைப் பையில் இருந்தது.

"மச்சான், நீங்க ஆரம்பிங்க," என்றார் சேர்மன்.

"அத்தான், வெளிநாட்டுக் கார் மூணே செகண்ட்ல நூறு போகும்."

"எங்க போகும்?" என்று கேட்டார் மாப்பிள்ளை. "வீட்டுலேர்ந்து இங்க வர ஏழு சிக்னல். நாலாவது செகண்ட்ல தண்ணி லாரிக்குப் பின்னாடிதான் நிக்கணும்."

"நிக்கிறதுலயும் ஒரு கம்பீரம் இருக்குல்ல?"

"மாமா, நம்ம நாட்டுல செஞ்ச காரை நாமளே வாங்கலைன்னா வேற எவன் வாங்குவான்?"

மச்சான் சிரித்தார். "எஞ்சின் கப்பல்ல வருது. கியர் பாக்ஸ் கப்பல்ல வருது. சீட்டுத் தோல்கூட கப்பல்லதான் வருது. இங்க செய்யிறது நம்பர் பிளேட் மட்டும்தான் மாப்பிள்ளை."

தேசப்பற்று நம்பர் பிளேட் அளவுக்கு ஏற்கப்படுவதாகக் குறிப்பில் பதிவாயிற்று.

டிரைவர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "ஐயா, பிரேக் விஷயமா ஒண்ணு…"

சேர்மன் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா! மூணு மாசமா நீங்க ரெண்டு பேரும் போறதைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. நிக்கிறதைப் பத்தி இந்த மனுஷன்தான் யோசிச்சிருக்காரு!"

அடுத்த ஒரு மணி நேரம் பிரேக்கைப் பற்றியே பேச்சு. எந்தக் காரின் பிரேக் எத்தனை அடியில் நிறுத்தும், பிரேக்குக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தால் எடுப்பாக இருக்குமா என்று பலவும் அலசப்பட்டன. டிரைவருக்கு வாய் திறக்க இடம் கிடைத்தபோது டீ ஆறிப் போயிருந்தது.

"ஐயா, நான் சொல்ல வந்தது வேன் பிரேக்கு. மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுது. இருபத்திரண்டு பேர் வர்றாங்க. இது நாலாவது மனு."

சேர்மன் தாளை இரு கையாலும் வாங்கினார். பிரிக்கவில்லை. "மச்சான், வல்லுநர் எழுத்துப் பூர்வமாவே கொடுத்திருக்காரு. அறிக்கையில சேருங்க."

மனு "இணைப்பு ஏழு" ஆயிற்று. குழு வெளிநாட்டுக் காரைத் தேர்ந்தெடுத்தது.

அப்போதுதான் மச்சானுக்கு ஒரு பெரிய சிக்கல் தென்பட்டது. அந்தக் காரின் வயிறு தரையிலிருந்து நாலு விரல் உயரம்தான். தொழிற்சாலை கேட்டுக்கு முன்னால், சரிவான சாலை முடியும் இடத்தில், பெரிய சிமென்ட் வேகத்தடை ஒன்று இருந்தது. கார் அதில் ஏறினால் வயிறு கிழியும்.

"உடைச்சிடுவோம்," என்றார் சேர்மன்.

டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஐயா, அது மட்டும் வேண்டாங்கய்யா. சரிவுல செகண்ட் கியர், அப்புறம் ஃபர்ஸ்ட் கியர், அப்புறம் அந்த மேட்டுல முட்டிதான் வேனே நிக்குது!"

"ஒரு நிறுவனத்தோட முன்னேற்றத்துக்குக் குறுக்க எந்த மேடும் நிக்கக் கூடாது!"

மச்சான் கைதட்டினார். தோற்றுப்போன மாப்பிள்ளையும் தட்டினார். கார் வந்திறங்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மேடு தரைமட்டமானது.

டிரைவர் மச்சானிடம் போய் நின்றார். "பிரேக் பாக்குற வரைக்கும் வேனை எடுக்க மாட்டேங்க."

"தாராளமா. இருபத்திரண்டு பேருக்கும் ஆப்சென்ட் போட்டுடறேன். அதை நீங்களே அவங்ககிட்டச் சொல்லிடுங்க."

திங்கட்கிழமை காலை அவர் அதைச் சொன்னார். முன் சீட்டில் உட்காரும் பேக்கிங் அக்கா வழக்கம்போல ஏறி உட்கார்ந்தாள். பிறகு, "இன்னொரு ஆப்சென்ட் விழுந்தா எனக்கு வேலையே போயிடும்ணே. நீங்கதான் செகண்ட் கியர் ஆச்சே, மெதுவாப் போங்க," என்றாள்.

அவர் மெதுவாகத்தான் போனார். சரிவுதான் மெதுவாகப் போகவிடவில்லை. செகண்ட் கியர் போட்டார், ஃபர்ஸ்ட் கியர் போட்டார், மேடு வர வேண்டிய இடத்தில் வழவழவென்று புதுத் தார் வந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அது கையோடு வந்தது. கேட் திறந்திருந்தது. இடப் பக்கம் ஜெனரேட்டர் அறைச் சுவர். வலப் பக்கம் இரவு ஷிஃப்ட் முடித்து வெளியே வரும் கூட்டம். நேர் எதிரே, நான்காவது கூட்டத்தில் முடிவான நீல உறையைப் போர்த்திக்கொண்டு, வந்து ஒரு நாள்கூட ஆகாத சிவப்புக் கார்.

டிரைவர் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம், அந்தக் கார் நூறு போக எடுக்கும் நேரத்தைவிடக் குறைவு.

இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. ஒருவருக்கும் ஆப்சென்ட்டும் இல்லை. காரைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

மதியமே குழு விசாரணைக் குழுவாக அவதாரம் எடுத்தது.

"பிரேக் ஏன் போடலை?" சேர்மனின் குரல் உடைந்திருந்தது.

"அதைத்தாங்கய்யா நேத்து உடைச்சு எடுத்துட்டீங்க."

மச்சான் அறிக்கையைப் புரட்டினார். இணைப்பு ஆறு வரை போனார். மூடிவைத்தார்.

குழுவின் இறுதித் தீர்மானம் வரலாற்றுச் சிறப்பு மிக்கது. டிரைவரின் அலட்சியம் கண்டிக்கப்பட்டு அவருக்கு மெமோ தரப்பட்டது. வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்த வேனை ஓட்ட வேறு ஆள் கிடைக்காது. அடுத்ததாக உள்நாட்டுக் காரையே வாங்குவதென்றும், அதை வேன் வராத பின்பக்கம் நிறுத்துவதென்றும் ஒருமனதாக முடிவாயிற்று. மாப்பிள்ளையின் தேசப்பற்று கடைசியில் வென்றது.

வேனுக்கு முன்பக்கம் புது பெயின்ட் அடித்தார்கள். பிரேக் பழசுதான்.