வெள்ள அறிவிப்புக்கு இலக்கணம் பார்த்த கதை

கிள்ளானில் ஆற்றை ஒட்டிய தாமான் குடியிருப்பு ஒன்றின் குப்பை, சாக்கடை, வெள்ளம் ஆகியவற்றைக் கவனிக்க ஓர் அலுவலகம் இருந்தது. அது ஒருமுறை ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியது. குடியிருப்பாளர்களின் குப்பை இனி வெள்ளிக்கிழமைதோறும் அகற்றப்படும் என்று சொல்வதுதான் உத்தேசம். எழுத்தில் வந்தபோது, குடியிருப்பாளர்களே வெள்ளிக்கிழமைதோறும் அகற்றப்படுவார்கள் என்றாகிவிட்டது. யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட, அம்பாங்கிலிருந்து பந்திங்வரை சிரித்தார்கள். அகற்றப்பட வேண்டியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

டைரக்டருக்கு அவமானம் தாங்கவில்லை. 'தெளிவான ஆங்கிலப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கி, கல்லூரியில் இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்ற கெர்ட்ரூட் அம்மையாரை அதற்குத் தலைவியாக்கினார். அவருடைய முத்திரை விழாமல் ஒரு வாக்கியமும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவானது. கழிவறைக் கதவில் இருந்த 'புஷ்' என்ற சொல்லைக்கூட, எதைத் தள்ளுவது என்று தெளிவாக இல்லை எனக் கருதி எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு பலர் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றார்கள்.

கார்த்திகேசு அங்கே வெள்ளக் கண்காணிப்பாளர். மழை விடாமல் பெய்த ஒரு சனிக்கிழமை காலை, ஆறு கரையைத் தொடப்போவதைக் கண்டார். தாமான் மக்களுக்கு அனுப்பச் சொல்லி, "வாட்டர் கமிங், கோ அப்" என்று அலுவலகத்துக்குத் தட்டிவிட்டார்.

கெர்ட்ரூட் கடமை தவறாதவர். சனிக்கிழமையும் வந்திருந்தார். உடனே போனில் அழைத்து, இதில் வினைச்சொல் பாதிதான் இருக்கிறது என்றார். தண்ணீர் தினமும் ஏறுகிறதா, இப்போது ஏறிக்கொண்டிருக்கிறதா என்று விசாரித்தார். ஏறிக்கொண்டிருக்கிறது என்றார் கார்த்திகேசு. 'இஸ் ரைஸிங்' என்று எழுதி டைரக்டரின் ஒப்புதலுக்கு அனுப்பினார் கெர்ட்ரூட். ஒப்புதல் வருவதற்குள் ஆறு கரையைத் தாண்டிவிட்டது.

"இப்ப ஏறிடுச்சு மேடம்," என்றார் கார்த்திகேசு.

"அப்போ 'ஹேஸ் ரைஸன்'. பழைய வாக்கியத்தை நான் அனுப்ப முடியாது, கார்த்திகேசு. அது இப்போ பொய்."

அதில் நியாயம் இருப்பதாகவே கார்த்திகேசுவுக்கும் பட்டது. திருத்தம் மறுபடி ஒப்புதலுக்குப் போனது. அதற்குள் ஆற்றோர வீடுகளில் தண்ணீர் நுழைந்தது. மைக்கில் தமிழிலும் மலாயிலும் சொல்லிவிடட்டுமா என்று டைரக்டரைக் கேட்டார். அது அதிகாரப்பூர்வமற்ற கூச்சல் என்று பதில் வந்தது. கார்த்திகேசு பதவி உயர்வுக்கு எழுதிப் போட்டிருந்த நேரம். மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

கெர்ட்ரூட் மீண்டும் அழைத்தார். 'வாட்டர்' என்ற சொல்லில் ஒரு 'எஸ்' சேர்க்க வேண்டும் என்று டைரக்டர் பிடிவாதமாக இருப்பதாகவும், தண்ணீர் எண்ண முடியாத பெயர்ச்சொல் என்று தாம் வாதாடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

"எண்ண வேணாம் மேடம். எனக்கு இடுப்புக்கு வந்துடுச்சு."

அப்போதுதான் சந்தில் நிறுத்தியிருந்த அவருடைய மோட்டார் சைக்கிள் மிதந்து போவதைப் பார்த்தார். பதவி உயர்வை மறந்து அதன் பின்னால் ஓடினார். "தண்ணி வருது, மேல ஏறுங்க" என்று வழியெல்லாம் கத்தினார். தாமானே ஏறிவிட்டது. எல்லா உயிரும் தப்பின. ஃப்ரிட்ஜ், மெத்தை, தையல் மெஷின் எல்லாம் போயின. மோட்டார் சைக்கிளும் போயிற்று.

மறுநாள் மக்கள் பள்ளி மண்டபத்தில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தபோது, டைரக்டரும் கெர்ட்ரூட்டும் வந்து முத்திரையிட்ட அறிவிப்பைச் சுவரில் ஒட்டினார்கள். அந்த நேரத்துக்குப் பொருத்தமான காலம் 'ஹேட் ரைஸன்'. ஒரு பிழையும் இல்லை. யார் ஏற வேண்டும் என்று குறிப்பிடாமல் பொது இடத்தில் கட்டளை வாக்கியம் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு, கார்த்திகேசுவுக்குத் தனியாக ஒரு கடிதமும் கொடுத்தார்கள்.

புனிதா எழுந்து சுவரருகே போனாள். வீட்டிலேயே தையல் கடை வைத்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தவள். டைரக்டர் மெல்லப் பின்வாங்கினார். இன்றைக்கு இவர்களுக்குச் சரியாகக் கிடைக்கப்போகிறது என்று கார்த்திகேசு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்.

அவள் விரலை ஓட்டி, கடைசிப் புள்ளிவரை படித்தாள். பிறகு கெர்ட்ரூட்டைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க டியூஷன் எடுப்பீங்களா? என் மகளுக்கு இங்கிலீஷ்தான் கொஞ்சம் வீக்லா."

கெர்ட்ரூட் பதில் சொல்வதற்குள் அவளுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. விளக்கத்தை ஆங்கிலத்தில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்ததும், கார்த்திகேசுவும் போய் அந்த வரிசையில் நின்றுகொண்டார்.