ஜில்லாவுக்கு வேண்டிய இருபது பேர்

தேர்தலில் தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கட்சி தோற்ற மறுநாளே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு நன்றி சொல்லக் கிளம்பியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் அவருக்குப் பெயர் ‘ஜில்லா’.

கோலார் தங்கச் சுரங்கத்தில் பம்ப் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே கட்சிக்காரராகிவிடுவார். ஒரு சின்ன தேசியக் கட்சிக்கு அவர்தான் ஜில்லா தலைவர். எவ்வளவு சின்னது என்றால், முப்பத்தெட்டு வயதில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான நான்தான் அதன் இளைஞர் அணி.

தொண்ணூறுகளில் வந்த ஒரு பாராளுமன்றத் தேர்தலில், எங்கள் பூத்தில் கட்சி வேட்பாளருக்கு ஏழு ஓட்டு. கமிட்டியிலேயே நாங்கள் ஒன்பது பேர்!

நன்றி சொல்லப் போன வீடுகளில் எல்லாம், “உனக்குத்தாண்ணா போட்டோம்” என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார்கள். ஜில்லா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். அறுபது தாண்டியதும் மைக்கைப் பிடித்தார்.

“ஓட்டுப் பொட்டியிலதான் இன்னாவோ கோளாறு கீது!”

குழாயடியில் நின்ற அவர் மனைவி குடத்தை இறக்கி வைத்தார். “பொட்டியில ஒண்ணும் இல்ல. நானே போடல.”

“நீயா? ஏம்மே?”

“நிக்கிறவன் மூஞ்சியக்கூட இந்தப் பக்கம் காட்டல. மூஞ்சி தெரியாதவனுக்குப் பொண்ணு குடுப்பியா? ஓட்டு மட்டும் குடுக்கணுமா?”

மைக் அணைக்கப்படவில்லை. லைன் முழுக்கக் கேட்டது.

அந்த வாரமே கமிட்டி கரைந்தது. ஆளுக்கொரு பெரிய கட்சியைப் பார்த்து ஏழு பேர் போனார்கள். கடைசியாகப் போனவர் மட்டும் மரியாதை தெரிந்தவர். கட்சித் துண்டைத் துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து பெங்களூரிலிருந்து கடிதம். மாநிலத் தலைவர் ஞாயிறு காலை வருகிறார்; இருபது பேராவது கூடாத கிளை கலைக்கப்படும். படித்து முடித்தபோது ஜில்லாவின் குரல் முதல்முறையாக இறங்கியிருந்தது.

“இளைஞரணி, ஊட்டு வாசல்ல கீற கட்சி போர்டைக் கழட்டிடுவாங்களாய்யா?”

“பிரியாணி போடறோம்னு சொன்னா இருபது பேர் வரமாட்டாங்களா அண்ணே?” என்றேன்.

“சோத்தக் காட்டிக் கூட்டினா அது கூட்டமாய்யா? பந்தி!”

ஞாயிறு வந்தது. ஷாமியானாவின் கீழே முப்பது நாற்காலி. உட்கார்ந்திருந்தவர்கள் நானும், அவர் மனைவியும், மைக்செட்காரரும். தலைவரின் ஜீப் முனையில் திரும்பியது. ஜில்லா மாலையோடு நின்றார்.

அப்போதுதான் எதிர்க் கட்சி மாணிக்கம் வந்தார். டீக்கடையில் ஜில்லாவோடு சண்டை போடாமல் ஒரு நாளும் டீ குடித்தறியாதவர். பின்னால் பல கட்சியிலிருந்தும் நாற்பது பேர், கட்சிக் கரை தெரியாமல் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு. “தள்ளி உக்காருய்யா” என்று என்னை இடித்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்தார்.

தலைவர் கன்னடத்தில் பேசினார். கைதட்டல் காதைப் பிளந்தது. உணர்ச்சிவசப்பட்ட மாணிக்கம் பழக்கதோஷத்தில் எழுந்து, தன் கட்சித் தலைவர் பெயரைச் சொல்லி, “வாழ்க!” என்று கத்திவிட்டார். ஜில்லாவும் பழக்கதோஷத்தில், “ஒழிக!” என்றார். இது ஏதோ புதுவகைக் கோஷம் என்று நினைத்து, தமிழ் தெரியாத மாநிலத் தலைவர் மெய்சிலிர்த்துப்போனார். போர்டு தப்பியது.

ஜீப் போனதும் ஜில்லா மாணிக்கத்தைப் பிடித்துக்கொண்டார். “ஏன்டா வந்த?”

“என் பென்ஷன் பேப்பருக்கு நாலு தபா கோலாருக்கு அலைஞ்சியே, நான் எந்தக் கட்சின்னு பாத்தியா?”

“பாத்தேன். திட்டிக்கினேதான் போனேன்.”

“நானும் திட்டிக்கினேதான் வந்தேன்.”

அடுத்த நிமிடம் ஜில்லா உறுப்பினர் படிவத்தை நீட்ட, நாற்பது பேரும் சிட்டாகப் பறந்துவிட்டார்கள்.

சுரங்கத்தை மூடிய வருடம், ஜில்லா மகனோடு பெங்களூருக்குக் குடிபோனார். வழியனுப்ப ஊரிகம் ஸ்டேஷனில் எல்லாக் கட்சியும் நின்றது. ரயிலில் ஏறியும் ஜன்னல் வழியாக மாணிக்கத்தோடு வாதம் ஓயவில்லை. எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. இருந்தும் வழியில் இருக்கும் பங்காருபேட்டை ஜங்ஷன் வரைக்கும் ஒரு டிக்கெட் எடுத்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.