லாரி மேல் ஏறிய பில் மிஷின்

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும். பயம் வந்தாலும் நடுங்கும். அதனால் நான் கோபக்காரனா பயந்தாங்கொள்ளியா என்று என் மனைவிக்கு இன்றுவரை பிடிபடவில்லை. (எனக்கும்தான்.) ஆனால் வெள்ளிமலையில் அன்று நடுங்கியது சத்தியமாகக் கோபத்தில்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கள்ளக்குறிச்சியில் மச்சான் சேகரோடு சேர்ந்து கம்ப்யூட்டர் கடை நடத்துகிறேன். எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை, தினமும். ஒரு மென்பொருளை ஏற்றும்போது, அது ஓடுவதற்கு வேண்டிய துணை மென்பொருள்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவா என்று ஏற்றுகிற கருவி தானாகவே சோதிக்கும். ஒன்று குறைந்தாலும் "மாட்டேன்" என்று நிற்கும். அந்தச் சோதனை இருந்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி. எடுத்தவுடன் அதை அணைத்துவிடுவது சேகர் கட்சி. அவன் அணைப்பான், பாதியில் நின்றுபோன கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். எரியுமா எரியாதா?

வெள்ளிமலையில் சாமை விற்கும் பெண்கள் சங்கத்துக்கு பில் போட லேப்டாப்பும் பிரிண்டரும் கொண்டுபோனோம். மென்பொருளைக் கடையிலேயே ஏற்றியிருக்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் குலுங்கினால் ஏற்றியது கலைந்துவிடும் என்று பயந்து, மேலே போய் ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். (சிரிக்காதீர்கள். அன்று நம்பினேன்.)

சங்கத் தலைவி சின்னபொண்ணு அக்கா வாசலில் நின்ற லாரியைக் காட்டினார்.

"தம்பி, உளுந்தூர்பேட்டைக்குப் போற லோடு. வண்டி கெளம்பறதுக்குள்ள பில்லு வந்தா மிஷினு இங்கயே இருக்கட்டும். வரலன்னா எடுத்துக்கினு போயிடு."

அது இங்கே நின்றுவிட்டால் மலை முழுக்க எங்கள் மிஷின்தான். நிற்காவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

கருவியை ஓடவிட்டேன். கேமராவுக்கான துணை மென்பொருள் இல்லையாம். மாட்டேன் என்றது.

"சாமைக்கு இன்னாத்துக்குப்பா போட்டோ? கல்யாணப் பொண்ணா அது?" என்றார் அக்கா.

"செக்க ஆஃப் பண்ணித் தொல மாமா!" என்று கத்தினான் சேகர்.

"பண்ண மாட்டேன்டா! பாதில நின்னா உங்கொப்பனா வந்து பாப்பான்?"

சேகரின் அப்பா என் மாமனார். அதை அப்புறம்தான் யோசித்தேன்.

இணையத்திலிருந்து இறக்கலாம் என்றால் சிக்னல் இல்லை. உயரத்தில் கிடைக்கும் என்று லேப்டாப்போடும் போனோடும் லாரியின் மூட்டைகள் மேல் ஏறினேன். ஒரு கோடு வந்தது. கேமரா சமாசாரம் இறங்கியது. அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது. அதற்கு வேறொன்று. இதைச் செய்த மகராசன்களுக்கு, சிக்னல் இல்லாத ஊர்களும் பூமியில் இருக்கின்றன என்று ஒருத்தர் கூடவா சொல்லவில்லை? பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தவன் லாரி நகர்வதைக் கவனித்தபோது, சங்கத்து வாசல் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. சேகர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"மாமா! எறங்கு மாமா!"

எப்படி இறங்குவது? ஒரு கையில் லேப்டாப், மறு கையில் கயிறு. என் கூச்சல் டிரைவருக்குக் கேட்கவில்லை. மூன்றாவது வளைவில் சிக்னல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எல்லாத் துணையும் இறங்கி, சோதனை தேறி, மென்பொருள் ஜம்மென்று திறந்தது. ஓடுகிற லாரியின் மேல் படுத்துக்கொண்டே பில் போட்டேன். திரையில் ஒரே வரி: பிரிண்டரைக் காணவில்லை.

அது மேலே சங்கத்து மேஜையில் இருந்தது.

அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்திய டிரைவர் என்னைப் பார்த்து அரண்டுபோனார்.

"யோவ்! நீ இன்னாய்யா மேல பண்ற? பில்லுதான் அந்தம்மா கையால எழுதிக் குட்துடுச்சே!"

ஜீப் பிடித்து மறுபடி மலையேறினேன். பிரிண்டர் பெட்டிக்குள் போய், கயிறு கட்டி, வாசலுக்கே வந்திருந்தது.

"லாரி மேல நீ இருந்தத பாத்தேன் தம்பி. கோச்சுக்கினு ஊருக்குப் போறன்னு நெனச்சேன்" என்றார் அக்கா.

கடையைச் சாத்தவில்லை, மலைப்பக்கம் மட்டும் போவதில்லை. சோதனையை இன்றும் நான் அணைப்பதில்லை, சேகர் இன்றும் அணைக்கிறான். ஆனால் கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ, ஏன், முக்குக் கடைக்குப் பால் வாங்கக் கிளம்பினாலும் வாசலில் நின்று என் மனைவி கேட்கிறாள்:

"எல்லாம் செக் பண்ணியாச்சா? பிரிண்டரு?"

எங்களோடு இருக்கிற மாமனார் உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்கும். கோபம் தலைக்கேறும், கை நடுங்கும். நடுங்குகிற கையாலேயே பையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறேன்.