பூச்சிக்கு விரித்த வலை

இனிமேல் சகலை வீட்டுக்குப் போவதில்லை என்று குளியலறையில் வைத்து முடிவெடுத்தேன். என் வீட்டில் நான் சுதந்திரமாக முடிவெடுக்கும் ஒரே இடம் அதுதான். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது.

சகலை, என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். வீட்டுக்கு வருகிறவர்களை அவர் விருந்தாளியாகப் பார்ப்பதில்லை. தொப்பையாகத்தான் பார்ப்பார். விடிவதற்குள் விசில் ஊதி எழுப்புவார். போன தடவை என்னை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். நான் ஓடிய ஓட்டத்துக்குத் தெருநாய் என்னைத் துரத்தவில்லை. கூடவே நடந்து வந்தது.

இந்தச் சனிக்கிழமை காரில் அங்கே கிளம்புவதாக மனைவி அறிவித்திருந்தாள். வரமாட்டேன் என்று நேராகச் சொல்லலாம். சொல்லலாம்தான். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கடையில் எல்லோருக்கும் பவர் பார்ப்பவன் நான். வீட்டில் பவர் முழுக்க அவளிடம்.

ஆகவே சுற்றி வளைத்தேன்.

"இப்போ அந்த ரோட்டுல பூச்சி ஜாஸ்தி," என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஜன்னலை ஏத்திக்கலாம்."

"நமக்கில்ல. காருக்கு."

"காரைக் கடிக்குமா?"

"ரேடியேட்டர்ல போய் அப்பிக்கும். ரேடியேட்டர்ல மெல்லிசு மெல்லிசாத் தகடு இருக்கும். அதுக்கு நடுவுல காத்து போனாத்தான் எஞ்சின் சூடு தணியும். பூச்சி அடைச்சுக்கிட்டா எஞ்சின் கொதிச்சுடும். அத்துவானத்துல நிப்போம்."

கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது. "ஐயோ, பாவம்!"

"நாமளா?"

"பூச்சிங்க."

சரி, பூச்சியை வைத்துப் பூச்சாண்டி காட்டியாகிவிட்டது, மிச்சத்தை அவள் பயம் பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தால், காரின் முன்மூடி திறந்து கிடக்கிறது. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு என் தர்மபத்தினி. கையில் குறடு.

"என்ன பண்றே?"

"வலை கட்டுறேன். ரேடியேட்டருக்கு முன்னாடி இதைக் கட்டிட்டா பூச்சி இதுலயே நின்னுடும். கொசுவலை வேணாம், கண்ணு ரொம்பப் பொடிசு, காத்து போகாதுன்னு கடைக்காரர் சொன்னார். அதான் கம்பி வலை."

நான் விடவில்லை. "கல்லு? முன்னால லாரி போனா கல்லு தெறிக்கும். பட்டா ரேடியேட்டர் ஓட்டை."

"இரும்புங்க இது. பட்டா கல்லுக்குத்தான் வலிக்கும்."

"சருகு? பிளாஸ்டிக் பை? அதெல்லாம் வந்து வலையில ஒட்டிக்கும்."

"நடுவுல நிறுத்தி, நீங்க எறங்கித் தட்டி விடுங்க. உங்களுக்கும் ஒரு உடற்பயிற்சி."

அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். அவள் இரவல் வாங்கிய குறட்டைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போன சமயம், மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, வலைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சொருகினேன். பூச்சி என்ன, பெருமூச்சுகூட உள்ளே போகாது.

"எதுக்கும் ஒருதரம் ஓட்டிப் பாத்துடலாமே," என்றேன், பொறுப்பான குடும்பத் தலைவன் குரலில்.

கடைத்தெருவைத் தாண்டி மேட்டில் ஏறும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஸ்டீயரிங் பிடித்திருந்ததால் அடக்கிக்கொண்டேன். ஓரங்கட்டி நிறுத்தினேன். முன்மூடி இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"பாத்தியா! வலை போட்டா சூடு. எடுத்தா பூச்சி. நான் என்னதான் பண்ணுவேன்? சகலை எவ்வளவு ஆசையா எதிர்பார்த்துக்கிட்டிருப்பார்!" கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆவி பட்டுக் கண்ணீர் நிஜமாகவே வந்தது. நல்ல ஒத்துழைப்பு.

அவள் இறங்கினாள். காரின் முன்னால் குனிந்து வலைக்குள் எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தாள். எஞ்சின் சூட்டில் பாதிகூட அவள் முகத்தில் இல்லை. அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இவர் காரை எடுக்க முடியாதுங்கிறார். நான் வலையெல்லாம் கட்டிப் பாத்துட்டேன்க்கா... ஆமா... ஆமா... அவர் குணம்தான் உனக்குத் தெரியுமே."

எஞ்சின் ஆறக் காத்திருந்தோம். நான் மெதுவாகக் கேட்டேன். "கோவமா?"

"எனக்கென்ன கோவம்? எனக்கும் போக இஷ்டமில்ல. அத்தான் என்னையும்தான் ஓடச் சொல்றார்."

எனக்கு வாய் பிளந்தது. "பின்ன எதுக்கு மாஞ்சு மாஞ்சு வலை கட்டினே?"

"நான் வேணாம்னா அக்கா என்மேல வருத்தப்படுவா. உங்களால முடியலைன்னா உங்களைத் திட்டுவா. திட்டு உங்களுக்குப் பழக்கம்தானே."

அடி சக்கை! ஒரே கட்சியா நாம்! கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவள்மேல் இவ்வளவு பிரியம் வந்ததில்லை. "அப்போ சனிக்கிழமை ரெண்டு பேரும் ஜாலியா வீட்ல!"

"நான் வீட்ல. நீங்க பஸ்ல."

"எ... என்னது?"

"அக்கா அழுதுட்டா. ஒருத்தராவது வந்தே ஆகணும்னுட்டா. அத்தான் பளு தூக்குற சாமானெல்லாம் புதுசா வாங்கியிருக்காராம், மொட்டை மாடிக்கு ஏத்த ஆள் வேணுமாம். நீங்க வர்றீங்கன்னு சொல்லிட்டேன். ஒரு வாரம்."

"கடை?"

"நான் பாத்துக்கிறேன்."

"பஸ்ஸுக்கும் ரேடியேட்டர் இருக்கு. பூச்சி..."

"அது டிரைவர் கவலை," என்றபடி காரில் ஏறி உட்கார்ந்தாள். "சூடு ஆறியிருக்கும். அந்த மிக்ஸி அட்டையை உருவிட்டு வண்டிய எடுங்க. 'இந்தப் பக்கம் மேலே'ன்னு அதுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு, அதைக்கூடத் தலைகீழாத்தான் சொருகியிருக்கீங்க."