என் வீட்டுக்கு நானே எழுதிய ஒப்பந்தம்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். அடுத்தவனுக்கு யோசனை சொல்லிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் எப்போதும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். இங்கே உங்கள் தங்கை நலம். நான் உயிரோடு இருக்கிறேன். இதற்கு மேல் மரியாதையாக எழுதக் கை ஓடவில்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று என் தோளில் கை போட்டு, "மாப்பிள்ளை, வந்த பணத்த பேங்க்ல தூங்க விடாதீங்க. சின்னதா ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுங்க. அப்புறம் நீங்க சும்மா சாஞ்சு உக்காந்திருந்தா போதும்" என்று சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நானும் வாங்கினேன். நாங்கள் பழகிய வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டு அதை வாடகைக்கு விட்டேன். மூன்று மாதமாக நான் எங்கேயும் சாயவில்லை.

முதலில் வீட்டுத் தரகர் ஓர் அச்சடித்த ஒப்பந்தத் தாளை நீட்டினார். பார்த்ததுமே எனக்கு ரத்தம் கொதித்தது. முப்பத்திரண்டு வருடம் குடித்தனக்காரனாக நான் கையெழுத்துப் போட்டு அவதிப்பட்டது அதே தாளில்தான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்ற ஒரே வரியால் எங்கள் கல்யாணப் போட்டோ இன்றுவரை பீரோ மேல் சாய்ந்து கிடக்கிறது. நீங்கள் வந்து நாற்பது நாள் தங்கினீர்களே, அப்போது எங்கள் வீட்டுக்காரர் தினமும் காலையில் வாசலில் நின்று, "மச்சான் எப்போ கிளம்புறாரு?" என்று கேட்டது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அலுவலகத்தில் முப்பது வருடம் வரைவு எழுதிய கை சும்மா இருக்குமா? ஒப்பந்தத்தை நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பட்ட அவமானத்தையெல்லாம் நினைத்து நினைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து இருபத்து மூன்று நிபந்தனை எழுதினேன். எந்த வீட்டுக்காரனும் தப்பவே முடியாது. அப்படி ஒரு திருப்தி! அந்த வீட்டுக்காரன் இப்போது நான்தான் என்பது, சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை எனக்கு உறைக்கவே இல்லை.

குடிவந்தவர் ஒரு தையல்கார அம்மா. தனி ஆள், மூன்று தையல் மெஷின். ஒப்பந்தத்தை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுமுறை படித்தார். "சார், இதுல ஓனர் நீங்களா, நானா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்போ இப்பவே கையெழுத்து போட்டுடுவோம்" என்றார்.

ஒரு வாரம் கழித்து எட்டிப் பார்க்கப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே வருவதற்கு இரண்டு நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டுமாம், நான்காவது நிபந்தனை. எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போனால், ஐயோ மச்சான், தூக்கிவாரிப் போட்டது, கூடம் முழுக்கக் கத்திரிப்பூ நிறம், சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஆணி பாவாடையும் சட்டையும் தொங்குகின்றன, எண்ணிப் பார்க்க ஆரம்பித்து எண்பதோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். பெயிண்டும் ஆணியும் அவர் இஷ்டமாம், ஆறாவது, ஏழாவது நிபந்தனைகள். அடுத்த வாரம் சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டது. எங்கள் வீட்டுக்காரர் "ஆள் வருவான், ஆள் வருவான்" என்று வருடக் கணக்கில் ஏமாற்றியதால், வீட்டுக்காரரே ஒரு மணி நேரத்துக்குள் நேரில் வந்து சரிசெய்ய வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஸ்பேனரோடு ஓடினேன். அந்த அம்மாவோ கதவருகே நின்று, "வந்துட்டீங்க, சந்தோஷம். ஆனா நோட்டீஸ் குடுக்கலயே சார்?" என்கிறார். கடைசியில் நான் ஜன்னலுக்கு வெளியே நின்று வலது பக்கம் திருப்புங்கள், இடது பக்கம் திருப்புங்கள் என்று கத்த, அவர் உள்ளே திருப்ப, பீய்ச்சியடித்த தண்ணீரில் இரண்டு பேரும் நனைந்தோம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். போன திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்காரர் வந்தார். மகள் குடிவருகிறாளாம், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். முப்பத்திரண்டு வருடம், மச்சான்! வேறு வீடு பிடிக்கலாமென்றால் முன்பணத்துக்குக் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் அந்தக் கத்திரிப்பூக் கூடத்தில் கிடக்கிறது. வேறு வழியில்லாமல் தையல்கார அம்மாவிடம் போய், நாங்களே குடிவர வேண்டியிருக்கிறது என்று கெஞ்சினேன். அவர் எழுந்துபோய் ஒப்பந்தத்தை எடுத்து வந்து முதல் நிபந்தனையை நிதானமாகப் படித்தார்: "பத்து வருடத்துக்குக் காலி செய்யச் சொல்லக் கூடாது. மகன் வருகிறான், மகள் வருகிறாள், சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பொய்கள் எதுவும் செல்லாது." என் நடைதான். என் கையெழுத்துதான்.

உங்கள் தங்கையிடம் சொன்னேன். "ஆபீஸ்ல ஊருக்கெல்லாம் ஒரு ஓட்டை வெச்சு எழுதினீங்க. நமக்குன்னு ஒரு ஓட்டை வெச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். எங்கே போவதென்று தெரியாமலே சுற்றுகிறாள்.

ஆகவே உடனே புறப்பட்டு வாருங்கள். என்னைப் பேசி மயக்கிய அந்த வாயால் அந்த அம்மாவையும் பேசிக் காலி செய்ய வையுங்கள். முடியாதென்றால், ஒன்றாம் தேதி காலையில் நானும் உங்கள் தங்கையும் ஏழு பெட்டிகளும் உங்கள் வாசலில் நிற்போம். எப்போது கிளம்புவோம் என்று கேட்கக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நன்றாகப் படித்து, யாருக்கும் யோசனை சொல்லாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
வீட்டுச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொள்ளும்
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்து ஒரு வாரமாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நீங்கள் வர வேண்டாம். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடிதம் எழுதிய மறுநாளே தையல்கார அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு எங்களைத் தேடி வந்துவிட்டார். "பதினொண்ணாவது நிபந்தனைய மறந்துட்டீங்களே" என்று படித்துக் காட்டினார்: "குடித்தனக்காரரின் உறவினர் எத்தனை நாள் தங்கினாலும், அவர்கள் யார், எப்போது போவார்கள் என்று வீட்டுக்காரர் கேட்கக் கூடாது." உங்கள் நாற்பது நாளை நினைத்து எழுதியதுதான் அது. "பதினாலு வீடு மாறிட்டேன். கூப்பிட்டதும் ஓடி வந்த ஓனர் நீங்க ஒருத்தர்தான். என் அண்ணன் அண்ணி வந்து தங்கினா யாரு கேக்கறது?" என்றார். ஓனர் நான்தானே அம்மா என்றேன். "ஓனர் நோட்டீஸ் குடுத்துட்டு வெளிய நிக்கட்டும். அண்ணன் உள்ள வரலாம்" என்றார். உள் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்து, அவரே ஓர் ஆணியும் அடித்தார். கல்யாணப் போட்டோவை மாட்டிவிட்டு உங்கள் தங்கை வெகுநேரம் அழுதாள். நீங்களும் வந்து தங்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். உறவினரின் உறவினருக்கு அந்த நிபந்தனை பொருந்தாதாம். எப்போது கிளம்புவீர்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டுமாம்.